கல்லாவும் கல்வியும்

இராயபுரத்தில் வலைக்கடை, திருவொற்றியூரில் கடைசல் பட்டறை, எண்ணூரில் லாரி அலுவலகம் என்று சிறு தொழில்கள் நிறைந்தது வடசென்னை. இங்கே தொழில் நடத்தும் ஒருவரிடம், "பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "நான்தான் படிக்கவில்லை, அவனாவது பெரிய பள்ளியில் படிக்கட்டும்" என்பார். அந்த ஆசை போற்றத்தக்கது. ஆனால் அந்த ஆசைக்கு விலை கொடுப்பது எந்தப் பணம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணாதவன்தான்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிச் செல்லும் லாரிகள் இரண்டு எனக்கு இருந்தன. என் மகன் நகரின் தென்பகுதியில் பேர்பெற்ற பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புப் படித்துவந்தான். நிலக்கரித் தூளால் இராயபுரத்து மக்கள் பல்லாண்டு துன்புற்றார்கள். உயர் நீதிமன்ற ஆணையின்படி 2011 அக்டோபரில் துறைமுகம் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வதை நிறுத்திற்று. ஊர் மூச்சு விட்டது. என் லாரிகள் நின்றுவிட்டன.

அந்த வேளையில் அடுத்த பருவக் கட்டணம் கட்டும் நாள் வந்தது. டயர் மாற்றவும் காப்பீட்டைப் புதுப்பிக்கவும் வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினேன். பிறகு எண்ணூரில் வேலை கிடைத்தது; ஆனால் காப்பீடு இல்லாத லாரியைச் சாலையில் இறக்க முடியவில்லை. வட்டிக்கு வாங்கினேன். ஆண்டு முடிவில் ஒரு லாரியை விற்றேன். மகனை வீட்டிற்கு அருகில் உள்ள உதவிபெறும் பள்ளியில் சேர்த்தேன். எனக்குத் தலைகுனிவாக இருந்தது. அவனோ, "இனிமேல் காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம், அப்பா" என்று மகிழ்ந்தான்! வெட்கம் என்னுடையதே அன்றி அவனுடையது அன்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நான் கற்ற பாடம் இதுதான்: பள்ளியை நல்ல ஆண்டின் இலாபத்தைக் கொண்டு தேர்ந்தெடுக்கலாகாது. மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பதினான்கு ஆண்டுகள். அத்தனை ஆண்டும் தொழில் ஒரே சீராக நடக்குமா? 2015இன் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதையும் கண்டவர்கள் நாம். கணக்குப் புத்தகத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளைப் புரட்டுங்கள். மிக மோசமான ஆண்டு எதுவோ, அந்த ஆண்டிலும் கட்டக்கூடிய கட்டணமே உங்களுக்கு உரிய கட்டணம்.

அடுத்தது, பள்ளிக் கட்டணம் தொழிற் செலவு ஆகாது. அது வீட்டுச் செலவு. உரிமையாளரும் தமக்கென ஒரு மாதச் சம்பளம் வகுத்துக்கொண்டு, அதிலிருந்தே கட்டணத்தைப் பன்னிரண்டாகப் பகுத்து மாதந்தோறும் வங்கியில் சேர்த்துவர வேண்டும். கல்லாவில் கைவைத்தால் சரக்கு வாங்கும் பணமும் கூலிப் பணமும் கரைந்துபோகும். பழைய வருமான வரி முறையில், இரண்டு பிள்ளைகள் வரை போதனைக் கட்டணத்திற்கு ஓரளவு கழிவு உண்டு. புதிய முறையில் அதுவும் இல்லை.

தனியார் பள்ளிகளின் கட்டணத்தை வரையறுக்கத் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு குழு உண்டு. அது வகுத்த தொகை என்ன என்று கேட்பது நம் உரிமை. கட்டியதற்கெல்லாம் ரசீது பெறுவது நம் கடமை. சேர்க்கைக்கு நன்கொடை கேட்பதை, அதே ஆண்டில் இயற்றப்பெற்ற கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. தொலைவும் ஒரு கட்டணமே என்பதை மறவாதீர்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நாள்தோறும் இரண்டு மணி நேரம் வண்டியில் கழியுமானால், அந்த நேரத்தைக் கொடுப்பவன் தந்தை அல்லன், பிள்ளை.

இறுதியாக ஒன்று. வடசென்னையைச் சேர்ந்த நெசவுத் தொழிலதிபர் பிட்டி தியாகராயர், சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளிக்கச் செய்தார். பிறர் பிள்ளையின் படிப்பும் தொழிலதிபரின் கவலையாக இருந்த மண் இது. நான் ஒரு லாரியை விற்றபோது ஓட்டுநர் ஒருவருக்கு வேலை போயிற்று. அவருக்கும் பள்ளியில் படிக்கும் மகள் இருந்தாள். என் மகனின் கட்டணத்தில் ஒரு பங்கை அந்தக் குழந்தை செலுத்திவிட்டாள் என்பதை எண்ணும்போது, இன்றும் என் நெஞ்சம் நோகிறது.

கல்லாவைக் காப்பாற்றுங்கள். அது உங்கள் வீட்டுக் கல்வியை மட்டும் காப்பதன்று.