தென்னை நிழலில் விளையும் விறகு

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பெருவீதி நீர்கொழும்பைக் கடந்து மாஓயாவைத் தாண்டியதும் புத்தளம் மாவட்டம் தொடங்குகின்றது. அங்கிருந்து சிலாபம் வரையில் ஒருபுறம் கடல். மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை. வென்னப்புவைக்குச் சற்று உட்புறமாக லுணுவில என்னும் ஊரில், பண்டிரிப்புவத் தோட்டத்தில், தென்னை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 1929ஆம் ஆண்டில் தென்னை ஆராய்ச்சித் திட்டமாகத் தோன்றிய அது, 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இன்றைய பெயரைப் பெற்றது. விதைத் தேங்காயும் உரமும் பூச்சித் தடுப்புமே அதன் பணியென்று பொதுமக்கள் எண்ணுவர். குறையாத சக்தியை நாட்டுக்குத் தேடித் தரும் முயற்சியில் அந்நிலையத்துக்கும் பங்குண்டு என்றால் வியப்பாகவே தோன்றும். அந்தப் பங்கு எத்தகையது, எவ்வளவு பெரிது என்று நிறுத்துப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

தென்னைக்கும் நெருப்புக்கும் உள்ள உறவு புதியதன்று. இக்கரையோரத்துக் கொப்பராச் சூளைகளைக் கண்டவர்கள் அதனை அறிவார்கள். தேங்காய்ச் சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வரிசையாய் அடுக்கி, வரிசையின் ஒரு முனையில் தீயிடுவார்கள். தீ சிரட்டைக்குச் சிரட்டை தாவி, புகையின்றி, மெல்ல நகரும். மேலே பரப்பிய பருப்பு கருகாமல் உலரும். பருப்பை உலர்த்த அதன் சிரட்டையே போதும். வெளியிலிருந்து ஓர் அந்தர் விறகும் வாங்க வேண்டியதில்லை. உலகில் 'இலங்கைச் சூளை' என்று பெயர் பெற்ற முறை இது. இதனை நாட்டுக்குத் தந்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர் என்பதை மறத்தலாகாது. ஆராய்ச்சி நிலையம் செய்தது அதனை அளந்து, திருத்தி, நல்ல கொப்பராவுக்கு வழி காட்டியதே.

நிலையத்தின் சொந்த உழைப்பு என்று சொல்லத்தக்கது வேறொன்று. அது கிளிரிசீடியா மரம். யாழ்ப்பாணத்தார் சீமைக்கிளுவை என்பார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து, நம் வேலிகளில் கதியாலாக நின்ற மரம். தென்னையை ஏக்கருக்கு அறுபத்துநான்கு வீதம் நட்டால், ஒவ்வொரு மரத்துக்கும் இடையே இருபத்தாறு அடி நிலம் கிடக்கும். தென்னை இளமையில் இருக்கும்போதும், இருபத்தைந்து வயதைக் கடந்த பின்னும் அந்த இடைவெளியில் வேண்டிய வெயில் விழுகின்றது. அங்கே நைதரசனைக் காற்றிலிருந்து பிடித்து நிலத்துக்குக் கொடுக்கும் மரத்தை நட்டால் என்ன?

கேள்வி எளிது, விடை எளிதன்று. தென்னந்தோட்டக்காரனின் அச்சம் நியாயமானது. மாசி பங்குனி வெயிலில் தென்னையே நீருக்குத் தவிக்கையில், பக்கத்தில் இன்னொரு மரம் நின்று உறிஞ்சினால் காய் குறையாதா? இந்த அச்சத்தைப் பேச்சால் தீர்க்க முடியாது; ஆண்டுக்கணக்காகக் காய்களை எண்ணித்தான் தீர்க்க வேண்டும். அந்தச் சலிப்பூட்டும் வேலையை லுணுவில விஞ்ஞானிகள் செய்தார்கள். கிளிரிசீடியாவை மரமாக வளரவிடாமல், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இடுப்பளவில் வெட்டி, இலையைத் தென்னையடியில் இட்டால், தென்னை நலிவதில்லை என்று கண்டார்கள். இலை மூடாக்காகி ஈரத்தைக் காத்தது. நைதரசன் தேவையில் பெரும்பகுதியை அதுவே கொடுத்தது. வேறு மரங்களும் சோதனைக்கு வந்தன. இபில் இபில் என்பது அவற்றுள் ஒன்று. 1980களில் ஆசியா எங்கும் பரவிய ஒரு சிறு பூச்சி அதன் தளிரை உறிஞ்சி அதன் புகழையும் வாட்டிவிட்டது. கிளிரிசீடியா நின்றது.

இலை தென்னைக்கு, தடி அடுப்புக்கு. இந்தத் தடியே பின்னர் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. விறகை எரித்து மின்சாரம் ஆக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றபோது, 2005ஆம் ஆண்டில் அரசாங்கம் கிளிரிசீடியாவைத் தேயிலை, றப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. வேலிக் கதியாலுக்கு இவ்வளவு பெரிய பட்டம்! நாடெங்கும் விறகு மின்நிலையங்கள் எழும் என்று பலர் பேசினார்கள்.

இங்கேதான் சற்று நிதானித்துக் கணக்குப் பார்க்க வேண்டும். சிறிய மின்நிலையம் ஒன்று ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உலர்ந்த விறகை விழுங்கும். ஒரு மெகாவாற்று நிலையம் நாள் முழுதும் ஓடினால் முப்பத்தாறு தொன் வேண்டும். இதே மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில், 2011 முதல் 2014 வரையான ஆண்டுகளில் மூன்று பிரிவுகளாகச் செயற்படத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையத்தின் ஆற்றல் 900 மெகாவாற்று. அதற்கு ஈடாக விறகை எரிப்பதானால் நாளொன்றுக்கு முப்பத்தீராயிரம் தொன்னுக்கு மேல் வேண்டும். எத்தனை ஆயிரம் லொறிகள்! நிலக்கரிக்கு மாற்று இவ்விறகே என்று பேசியவர்கள் லுணுவில ஆராய்ச்சிக்கு நன்மை செய்யவில்லை. அது சொல்லாததை அதன் பெயரால் சொன்னார்கள். மின்சாரத்துக்கு இக்கரையோரம் தரும் பெருங்கொடை காற்றே. 2010ஆம் ஆண்டு முதல் மாம்புரி முதலிய இடங்களில் காற்றாலைகள் சுழல்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளித்து நுரைச்சோலைக்கு நிலக்கரி இறக்க இயலாத மாதங்களே அவை மும்முரமாகச் சுழலும் மாதங்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அவ்வாறாயின் விறகின் இடம் எது? வெப்பமே. கொதிகலனில் நீராவி வேண்டும் தொழிற்சாலைகள், கப்பலில் வந்த எண்ணெயை எரிப்பதற்குப் பதில் விறகை எரிக்கலாம். எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதியை இழந்து மின்சாரமாக்குவதைவிட, வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்துவது சிக்கனம். வெட்டிய மரம் மீண்டும் தளிர்த்து, விட்ட கரியைத் திரும்ப உறிஞ்சும். காட்டு மரத்தை வெட்டி எரிப்பதற்கு இந்த நியாயம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆயினும் லுணுவிலவில் தீராத ஒரு வினா உண்டு. அது தாவரவியல் வினா அன்று. இலங்கையின் தென்னை நிலத்தில் பெரும்பகுதி சிறு தோட்டக்காரர் கையில் இருக்கின்றது. இரண்டு ஏக்கர்க்காரர் வெட்டும் விறகு சிறிது. அதுவும் பச்சையாக எடையில் பாதி நீர். யார் வெட்டுவது, எங்கே உலர்த்துவது, யார் ஏற்றுவது? வெட்டுக்கூலியும் வண்டிக்கூலியும் போனபின் தோட்டக்காரர் கையில் மிஞ்சுவது என்ன? விஞ்ஞானிகள் மரத்தடி வரை வந்து விடை சொன்னார்கள். மரத்தடியிலிருந்து தொழிற்சாலை வாசல் வரையான தூரம் ஆராயப்பட்ட அளவு குறைவு. பட்டம் சூட்டப்பட்ட நான்காவது பயிர் முதல் மூன்றையும் நெருங்காமல் நிற்பதன் காரணம் இத்தூரத்திலேயே இருக்கின்றது.

ஆனால் இலைக்கு வண்டி தேவையில்லை. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டபோது, தென்னைக்கு எதை இடுவதென்று கேட்டவர்களுக்கு, ஏற்கெனவே கிளிரிசீடியா நட்டிருந்த தோட்டத்தில் விடை வேலியோரமே நின்றது. யூரியா ஆக்குவதற்கும் எரிவாயுவோ நிலக்கரியோ எரிய வேண்டும். எனவே தென்னையடியில் விழும் ஒவ்வொரு கட்டு இலையும் எங்கோ ஓர் ஆலையில் எரியாமல் மிஞ்சிய எரிபொருளாகும். அடுத்த ஆண்டு, 1922இல் அன்று, 2022இல், சமையல் எரிவாயுவுக்கு மக்கள் நீண்ட வரிசையில் நின்றபோது தடியும் பயன்பட்டது. சக்தித் துறையின் கணக்கேடுகளில் இந்த இலைக்கட்டுக்கு ஒரு பத்தி கிடையாது. லுணுவில நிலையத்தின் பங்கை மெகாவாற்றில் தேடுபவர்கள் அதனைச் சிறிதென்றே காண்பார்கள். இலையையும் சேர்த்து எண்ணினால் கணக்கு மாறும். அந்தக் கணக்கை முதலில் எழுத வேண்டியதும் அந்நிலையமே.