பிடரியில் பிறந்த தலைவலி
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. என் தலைவலிக் கதை நாலு பேருக்கு உதவட்டும் என்றுதான் வந்தேன்.

2 வருஷமாக வலது பக்கம் மட்டும் வலி. பிடரியில் ஆரம்பித்து, மேலே ஏறி, கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும். கடை மாத்திரை போட்டேன், தைலம் தேய்த்தேன். குழுவில் கடன் வாங்கிக் கண்ணாடி மாற்றினேன். வலி போகலை. குனிந்து கணக்கு எழுத முடியாமல், ஊக்குநர் பொறுப்பையே விட்டுடலாம்னு இருந்தேன்.

பக்கவாதம் வந்த என் மாமியாருக்குப் பயிற்சி கொடுக்க, மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி அம்மா வீட்டுக்கு வருவாங்க. அவங்ககிட்ட சொன்னேன். தலையைக் குனியவைத்துத் திருப்பிப் பார்த்தாங்க. இடப்பக்கம் நல்லாத் திரும்பியது, வலப்பக்கம் பாதியிலேயே நின்னுபோச்சு. முதலில் சுகாதார நிலைய டாக்டரிடம் அனுப்பினாங்க. அவரும் பார்த்துவிட்டு, கழுத்தால் வரும் தலைவலி என்றார்.

கழுத்தின் மேல்பகுதி நரம்பும் முகத்து நரம்பும் உள்ளே ஒரே இடத்தில் சேருதாம். அதனால் கழுத்து வலி, கண் வலி மாதிரி தெரியுதாம்.

பயிற்சி இதுதான். நிமிர்ந்து உட்காரணும். தலையைத் தூக்காமல், குனியாமல், தாடையை நேரே பின்னால் இழுக்கணும். 5 எண்ணி விடணும், 10 தடவை. பிறகு தோள்பட்டை இரண்டையும் பின்னால் சேர்த்து இறக்கணும். அவங்க கையாலும் கழுத்தை மெதுவாகத் தளர்த்தினாங்க. சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் கழுத்தைச் சட்டென்று திருப்ப விடாதீங்க.

முதல் வாரம் ஒண்ணும் தெரியலை. 6 வாரத்தில் நல்லாக் குறைஞ்சது. முழுசாப் போயிடுச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். பெரிய புல்லுக்கட்டு சுமந்தால் திரும்ப வருது. அதனால் இரண்டு நடையாகச் சுமக்கிறேன். நோட்டைப் பலகை மேல் வைத்து எழுதறேன்.

மாசத்தில் பாதி நாள் மாத்திரை போட்டால், அந்த மாத்திரையாலேயே தலைவலி வருமாம். திடீரென்று தாங்க முடியாத வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் பலமின்மை, பேச்சுக் குழறல், அடிபட்ட பின் வலி இருந்தால் பயிற்சி வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி போங்க.

"தலைவலிதானே" என்று நாம் 2 வருஷம் பொறுத்துக்கொள்ள வேண்டாம். ஊக்குநர் பொறுப்பை நான் விடலை. இந்த மாசக் கணக்கும் என் கையெழுத்துதான்.