பீன்ஸ் எவ்வளவு பச்சையா இருக்கணும்?



இன்னைக்கு நாம பேசப் போறது பீன்ஸ் பத்தி. அவரையும் கொத்தவரையும் நமக்குப் பழைய உறவு. பீன்ஸ் அப்படி இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பா போய், அப்புறம் நம்ம பக்கம் வந்த காய். பிரெஞ்சில் இதுக்கு 'அரிகோ வேர்' என்று பெயர். 'வேர்' என்றால் பச்சை.

அந்தப் பச்சையில்தான் விஷயமே இருக்கு. குளிர் பிடிக்கும் பயிர் என்பதால் ஓசூர், கொடைக்கானல், நீலகிரி போன்ற இடங்களில் நல்லா விளையும். லாரியில் நம்ம ஊருக்கு வர்றதுக்குள்ள கொஞ்சம் வாடத்தான் செய்யும். பளபளன்னு ஒரே பச்சையா இருந்தா ஒரு சின்ன சோதனை செய்யுங்க. மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினில் பஞ்சை நனைச்சு, காயின் மேல்தோலில் தேய்ங்க. பஞ்சு பச்சையானா அது மாலகைட் கிரீன் சாயமா இருக்கலாம். உணவில் சேர்க்க அனுமதி இல்லாத சாயம் அது. உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லித் தரும் சோதனை இது. பஞ்சையும் காயையும் போட்டோ எடுத்து, 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் கடை இருக்கும் இடத்தோடு புகார் பதிவு செய்யலாம். கடைக்காரர்கிட்ட சண்டை வேண்டாம். சாயம் எங்கே ஏறுச்சுன்னு அவருக்கே தெரியாம இருக்கலாம்.

இனி அடுப்புக்கு வருவோம். பச்சை மாறாம இருக்கச் சிலர் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுறாங்க. நிறம் நிற்கும், சரி. ஆனா காய் குழைஞ்சிடும், வைட்டமின் சி-யும் பி1-ம் குறையும். அதுக்கு அவசியமே இல்லீங்க. காய் வேகும்போது அதிலிருக்கிற அமிலம் வெளியே வரும். மூடி போட்டா அது உள்ளேயே தங்கி நிறத்தைப் பழுப்பாக்கிடும். அதனால பாத்திரத்தைத் திறந்தே வையுங்க. புளி, எலுமிச்சை எதுவானாலும் கடைசியில்தான்.

பிரெஞ்சுக்காரங்க வழி ரொம்ப எளிது: நிறைய தண்ணீர், தாராளமா உப்பு, நல்லாக் கொதிக்கும்போது முழு பீன்ஸைப் போட்டு நாலைஞ்சு நிமிஷம். உடனே வடிச்சு ஐஸ் தண்ணியில் போட்டா வேகறது நின்னுடும். அப்புறம் வெண்ணெயும் பூண்டும் போட்டு ஒரு புரட்டு.

நம்ம பொரியலுக்கும் இதே வழி பொருந்தும். பொடியா நறுக்கினதுன்னா மூணு நிமிஷம் போதும். கடுகு, உளுந்து, வரமிளகாய் தாளிச்சு, வடிச்ச காயைப் போட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பூ. பருப்பு உசிலிக்கும் இப்படியே செய்யலாம். என்னைக் கேட்டா, உசிலிக்குத்தான் முதல் மார்க்.

பச்சையா மட்டும் கடிக்காதீங்க. வேகாத பீன்ஸில் வயிற்றைக் கெடுக்கும் லெக்டின் உண்டு. வெந்தா அது போயிடும்.