பெட்டியில் மிக்சி வைக்கும் முன்

(வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் இளைஞர்களிடமும் அவர்கள் குடும்பத்தினரிடமும் ஜமுனாமரத்தூரில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாஸ்போர்ட், விசா, ஏஜென்ட் பற்றியெல்லாம் உங்களுக்குப் பலரும் சொல்லியிருப்பாங்க. நான் பேச வந்தது பெட்டிக்குள் போகிற மிக்சியைப் பற்றி. சிரிக்காதீங்க, இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கு.

2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வாங்கிய வீடுகள் இங்கே இருக்கும். பையன் துபாய் போறான், சட்னிக்குக் கஷ்டப்படக் கூடாதுன்னு அம்மா அந்த மிக்சியைத்தான் முதலில் துணியில் சுற்றுவாங்க. சுற்றும் முன் அதைத் தலைகீழாகத் திருப்பி, லேபிளைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கோங்க. வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் என்று மூன்று எண்கள் இருக்கும்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார், குவைத் எல்லாமே ஏறக்குறைய இதேதான். மிக்சி ஓடும், பிளக்தான் சேராது. நம்முடையது உருண்டை முனை, அங்கே பட்டை முனை மூன்று, பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் வேறு. இங்கேதான் சிலர் வயரை வெட்டி, வெறும் கம்பியைச் சாக்கெட்டில் சொருகி தீக்குச்சியால் அழுத்தி வைக்கிறாங்க. ஒரே அறையில் ஆறு பேர், எட்டு பேர் படுக்கிற இடத்தில் இதை நினைச்சுப் பாருங்க. பிளக்கையே மாற்றுங்க. அந்த ஊர் எலக்ட்ரீஷியனுக்கு சில நிமிட வேலை.

இரண்டு முனை அடாப்டரும் வேண்டாம். அதில் எர்த் கிடையாது. ஈரக் கையோடு தொடுகிற கிரைண்டரில் கசிவு வந்தால் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகத்தான் இறங்கும்.

சவூதியில் 230 வோல்ட்தான், ஆனால் 60 ஹெர்ட்ஸ். மிக்சிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. கிரைண்டர் மோட்டார் வேறு வகை, ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றப் பார்க்கும். நம் காவலூர் வானாய்வகத்தில் 1972-ல் நிறுவிய தொலைநோக்கி ஜெர்மனியில் செய்தது. அங்கேயும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தத் தொல்லை அதுக்கு இல்லை!

அமெரிக்கா 120 வோல்ட், ஜப்பான் 100. அங்கே நம் 1000 வாட் அயர்ன்பாக்ஸ் மூன்றில் ஒரு பங்கு சூடுகூடத் தராது. மிக்சி முக்கும், நிற்கும், காயில் கருகும். அடாப்டர் துளையை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. அதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேணும், மிக்சிக்குத் தாங்குகிற அளவில் வாங்கினால் அதுவே பல கிலோ. 110 வோல்ட் மிக்சி தனியாகவே கிடைக்குது, அதை வாங்கிக்கோங்க.

போன், லேப்டாப் சார்ஜர் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலானவற்றில் 100–240 வோல்ட் என்றிருக்கும், எங்கேயும் வேலை செய்யும்.

என்னைக் கேட்டால் வளைகுடாவுக்கு மிக்சியே வேண்டாம். பல நிறுவனத் தங்குமிடங்களில் அறைக்குள் சமையல் சாதனத்துக்கு அனுமதி இல்லை. முதலில் அதைக் கேட்டுக்கோங்க. அது வீட்டில் அம்மாவுக்கே இருக்கட்டும். பவர் பேங்க் மட்டும் கைப்பையில் வைங்க. செக்-இன் பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் எடுத்துடுவாங்க.