பங்குச் சந்தையும் பாட்டாளியும்

(சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பங்குச் சந்தை சாதாரண உழைப்பாளிக்கு நன்மை செய்கின்றதா, தீமை செய்கின்றதா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள். இப்பொருளில் நாம் பேசவிருப்பதை அறிந்த நண்பர் ஒருவர், "கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்திலே சூதாட்டத்தைப் பற்றியா பேசப் போகின்றீர்கள்?" என்று பகிடி பண்ணினார். எம் பெரியோர் பலருடைய எண்ணமும் அதுவேயாகும். இளைஞர் நிலையோ வேறு. கைத்தொலைபேசியிலேயே கணக்கைத் திறந்து, விரிவுரை மண்டபத்தின் பின்வாங்கில் இருந்தபடியே பங்கு வாங்குவோர் எம்மிடையே உளர். பெரியோர் அதனைச் சூது என்று ஒதுக்குகின்றனர். இளைஞரிற் சிலர் அதனை அதிட்டம் என்று நாடுகின்றனர். சற்றுச் சிந்தித்தால் இரு சாராரும் ஒன்றையே கூறுகின்றனர் என்பது விளங்கும். வள்ளுவப் பெருந்தகையோ சூதுக்கு ஓர் அதிகாரமும், பொருள் செயல்வகைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஆகவே பங்குச் சந்தை எந்த அதிகாரத்தைச் சேர்ந்தது என்று நாமும் ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

முதலில், பங்கு என்பது யாது? எம் ஊர்க் கரையிலே பத்துப்பேர் காசு சேர்த்து ஒரு வள்ளம் வாங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். வள்ளம் ஒன்று, உரித்து பத்து. பிடிபடும் மீனின் வருவாயைப் பத்தாகப் பிரிப்பர். அவருள் ஒருவருக்கு மகளின் கலியாணம் வருகின்றது, காசு வேண்டும். வள்ளத்தை அறுத்து ஒரு துண்டை விற்க முடியுமா? முடியாது. தம் பத்திலொரு உரித்தை வேறொருவருக்கு விற்கின்றார். இவ்வாறு உரித்துகள் கைமாறும் இடமே பங்குச் சந்தை.

இங்கே இரண்டு விடயங்களை வேறுபடுத்தி நோக்க வேண்டும். பத்துப்பேரும் முதன்முதல் காசு போட்டபோது அக்காசு வள்ளமாயிற்று. நாலுபேருக்குத் தொழிலும் கிடைத்தது. பின்னர் உரித்துக் கைமாறியபோது வள்ளத்துக்கு ஓர் ஆணிதானும் புதிதாகக் கிடைக்கவில்லை. சந்தையில் நாள்தோறும் நடைபெறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக் கொடுக்கல் வாங்கலே. அதனால் அது வீண் என்று கூறுவதும் பொருந்தாது. வேண்டும்போது விற்கலாம் என்ற நம்பிக்கை இல்லாவிடின், முதலிற் காசு போட எத்தனை பேர் முன்வருவர்?

இத்தீவிலே பங்குச் சந்தை தேயிலையோடு வளர்ந்தது. 1869 முதற் பரவிய இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழிந்தது. மலைநாட்டிலே தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காட்டை வெட்டி, கன்று நட்டு, தொழிற்சாலை கட்டி, இயந்திரம் பூட்டி, முதற் கொழுந்து எடுப்பதற்குச் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். தனியொருவராற் தாங்க இயலாத செலவு அது. ஆகவே கம்பனிகள் தோன்றின. அவற்றின் பங்குகளை வாங்கி விற்பதற்காக 1896இற் கொழும்பிலே பங்குத் தரகர் சங்கம் தோன்றியது. இன்றைய கொழும்புப் பங்குச் சந்தை 1985இல் நிறுவப்பட்டது.

அந்த முதலினாலே இலட்சக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காட்டை வெட்டியவர் யார்? தென்னிந்தியாவிலிருந்து வந்த எம் தமிழ் மக்களன்றோ? காசு இட்டவர் பெயர் கம்பனியின் பங்கேட்டிற் பதியப்பட்டது. உழைப்பை இட்டவர் பெயர் தோட்டத்துச் செக்ரோலிற் பதியப்பட்டது. இலாபம் ஏறியபோது முதலாமவருக்குப் பங்கிலாபம் ஏறியது. இரண்டாமவருக்கு நாட்சம்பளம் அதே வேகத்தில் ஏறவில்லை.

விலை இறங்கியபோது நிகழ்ந்ததையும் காண்போம். நியூயோர்க் நகரத்துப் பங்குகளின் விலையைக் காட்டும் டவ் ஜோன்ஸ் சுட்டெண் 1929 செப்டெம்பரில் 381 ஆக இருந்தது. 1932 யூலையில் 41 ஆயிற்று. பங்கு வீழ்ச்சி ஒன்றே அப்பெருமந்தத்துக்குக் காரணமன்று. வங்கிகள் முறிந்தன, நாடுகள் தம் வாணிபக் கதவுகளை அடைத்தன. ஆயினும் அதன் அலை இலங்கைக் கரையையும் வந்து மோதிற்று. தேயிலையும் இறப்பரும் விலை விழுந்தன. தோட்டங்களிற் கூலி குறைக்கப்பட்டது. வேலையிழந்தோர் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நியூயோர்க் எங்கே, மஸ்கெலியா எங்கே? ஒரு பங்குதானும் வாங்கியறியாதவர் பிறருடைய வீழ்ச்சியின் சுமையைச் சுமந்தனர்.

அப்படியாயின் தொழிலாளிக்கும் பங்கு கொடுத்துவிட்டாற் குறை தீருமே என்று கேட்கலாம். அதுவும் இந்நாட்டிற் செய்து பார்க்கப்பட்டது. 1972இலும் 1975இலும் அரசு பொறுப்பேற்ற தோட்டங்களின் நிருவாகம் 1992இற் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் 1995 தொடக்கம் அக்கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது, பத்திலொரு பகுதி தொழிலாளருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. நல்ல செயலே. ஆனால் ஆயிரக்கணக்கானோரிடையே சிதறிய அச்சிறு உரித்துச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் மேசையிலே அவர்களுக்கு வலிமை தரவில்லை. நாளொன்றுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்காக நீடித்து, 2021ஆம் ஆண்டிலேதான் சம்பள நிருணய சபையின் மூலம் சட்டமாயிற்று. துண்டு துண்டாகக் கையிலிருக்கும் பங்கினாற் பயன் சிறிதே என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமா?

இனி எம் ஊருக்கு வருவோம். எமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் கொழும்பிலே தனியார் கம்பனியொன்றில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து, 55 வயதில் இளைப்பாறி ஊர் திரும்பினார். சேமலாப நிதியப் பணம் மொத்தமாகக் கையில் வந்தது. போர் ஓய்ந்து ஈராண்டு ஆகாத காலம் அது. பங்கு விலைகள் நாளுக்கு நாள் உயர்ந்தன. கொழும்புச் சுட்டெண் 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தாண்டிற்று. "வங்கியிற் போட்டு என்ன கண்டீர்?" என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டார். பெரியவர் பணத்திற் பெரும்பகுதியைப் பங்குகளில் இட்டார். 2012 நடுப்பகுதியிற் சுட்டெண் 5,000க்குக் கீழே வந்தது. அதே ஆண்டு மகளின் கலியாணமும் வந்தது. விற்றார். போட்ட பணத்தில் ஏறக்குறைய அரைவாசியே திரும்பி வந்தது.

அவர் விற்காமல் இருந்திருந்தால்? சுட்டெண் 2011ஆம் ஆண்டின் உச்சத்தை மீண்டும் கடந்தது உண்மையே. ஆனால் அது 2021 சனவரியிலேதான். ஏறக்குறையப் பத்து ஆண்டுகள்! மகளின் கலியாணத்தைப் பத்து ஆண்டுகளுக்குப் பின்போட எந்தத் தகப்பனால் இயலும்? "என்ரை பிழைதான் தம்பி, எனக்கு அவசரம் வந்திட்டுது" என்று மட்டுமே அவர் எம்மிடம் கூறினார்.

நண்பர்களே, அந்தப் பெரியவருடைய சொல்லிலேதான் எம் கேள்விக்கு விடை இருக்கின்றது என்று நாம் கருதுகின்றோம். பங்குச் சந்தை பொறுத்திருப்பவருக்குப் பயன் தருவது. பொறுத்திருப்பதற்கோ வசதி வேண்டும். செல்வந்தர் ஒருவருக்கு விலை விழுந்தால், ஏறும்வரை காத்திருப்பார். விழுந்த விலையில் மேலும் வாங்குவார். சம்பளத்தை நம்பி வாழ்பவருக்கு நோயும், கலியாணமும், கூரை ஒழுக்கும் சந்தையைக் கேட்டு வருவதில்லை. விலை விழுந்த நேரத்தில் அவர் விற்கின்றார். காத்திருக்கக் கூடியவர் அதனை வாங்குகின்றார். நாட்டிலே மந்தம் வரும்போது பங்கு விலை விழுவதும் வேலை போவதும் ஒருங்கே நிகழ்வதால், ஏழையின் அவசரமும் சந்தையின் வீழ்ச்சியும் பெரும்பாலும் ஒரே வேளையிற் சந்திக்கின்றன. இதிலே எவருடைய சூழ்ச்சியும் இருக்க வேண்டியதில்லை. ஏற்பாட்டின் இயல்பே அது.

அங்ஙனமாயின் உழைப்பாளி பங்குச் சந்தையின் பக்கமே போகாதிருப்பது நன்றன்றோ என்று பெரியோர் கேட்பர். ஆனால் அவர் ஏற்கெனவே அங்கே இருக்கின்றார்! யாழ்ப்பாணப் பட்டினத்துப் புடைவைக் கடையிலே வேலை செய்யும் பெண்ணொருத்தியை நினைத்துப் பாருங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவளுடைய சம்பளத்தில் நூற்றுக்கு 8 ரூபாவும், முதலாளியிடமிருந்து 12 ரூபாவும் ஊழியர் சேமலாப நிதியத்துக்குச் செல்லல் வேண்டும். அந்நிதியம் 2024 முடிவில் நான்கு இலட்சம் கோடி ரூபாவைத் தாண்டியிருந்தது. அதனை முதலீடு செய்வது மத்திய வங்கி. மிகப் பெரும்பகுதி அரசாங்கப் பிணையங்களில் உளது. சிறு பகுதி கம்பனிப் பங்குகளில் உளது. பங்கென்றால் யாதென அறியாத அப்பெண்ணும் பெரிய கம்பனிகளிலே தூசளவு உரித்துடையவள். 2010, 2011ஆம் ஆண்டுகளில் நிதியம் வாங்கிய சில பங்குகளைப் பற்றிப் பாராளுமன்றத்திலே கடுமையான கேள்விகள் எழுந்தன. அவளை எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பங்கைத் தொடாமல் விட்டாற் பணம் பத்திரமாயிருக்கும் என்பதும் முழு உண்மையன்று. 2022 செப்டெம்பரிற் பொருள்களின் விலை முந்திய ஆண்டினும் 69.8 வீதம் உயர்ந்திருந்தது. அவ்வாண்டுக்கு நிதியம் வழங்கிய வட்டி 9 வீதம். நூறு ரூபாப் பொருள் ஏறக்குறைய 170 ரூபாவாயிற்று. நூறு ரூபாச் சேமிப்பு 109 ரூபாவாயிற்று. 2023இல் அரசு தன் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோதும் நிதியத்தின் கையிலிருந்த திறைசேரி முறிகளே மாற்றப்பட்டன. 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் என்று வட்டி வகுக்கப்பட்டது. அரசாங்க முறியாயினும், கம்பனிப் பங்காயினும், உடையவன் அறியாதிருந்தால் இழப்பு அவனைத் தேடி வருகின்றது.

ஆயினும் இந்நிதியத்துக்குத் தனியொருவருக்கு இல்லாத ஒரு பலம் உண்டு. அதனாற் காத்திருக்க முடியும். ஒருவர் பணத்தை மீளப் பெறும் ஆண்டில் வேறொருவர் செலுத்தத் தொடங்குகின்றார். ஆகையால் விலை விழுந்த நாளிலே விற்றே தீரவேண்டும் என்ற நெருக்கம் அதற்கில்லை. அந்தப் பெரியவர் தனித்து நின்று தோற்ற இடத்திலே, இலட்சக்கணக்கானோர் சேர்ந்து நின்றால் வெல்லலாம். பங்குச் சந்தையை உழைப்பாளிக்கு நன்மையாக்கும் வழி இதுவே என்பது எம் துணிபு: கூட்டாகச் சேமித்தல், பொறுமையாக முதலிடுதல், யார் எதனை ஏன் வாங்கினர் என்று கணக்குக் கேட்டல். இம்மூன்றில் இறுதியானதே இன்று எம்மிடம் இல்லை.

ஆகவே இளைஞர்க்கு எம் வேண்டுகோள் யாதெனில்: கடன்பட்டோ, தாயின் நகையை அடகு வைத்தோ பங்கு வாங்காதீர்கள். தருமர் சூதாடியது ஒரு குற்றம்; தமக்கு மட்டும் உரியதல்லாதவற்றையும் பணயம் வைத்தது பெருங்குற்றம். பத்தாண்டு தேவைப்படாத பணம் இருந்தால், கம்பனியின் ஆண்டறிக்கையைப் படித்து விளங்கியபின் வாங்குங்கள். பெரியோர்க்கு எம் விண்ணப்பம்: சூது என்ற ஒரு சொல்லோடு எம்மை அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் அடைந்த இலாபத்தையும் பட்ட நட்டத்தையும் எமக்குச் சொல்லுங்கள். அந்தப் பெரியவர் சொன்னது எமக்கு ஒரு பாடப் புத்தகத்துக்கு ஒப்பாயிற்று.

சங்கத்துக்கும் ஒன்று கூறி அமைவோம். எம் அங்கத்தவரிற் கடைகளிலும், அச்சகங்களிலும், தனியார் அலுவலகங்களிலும் வேலை செய்வோர் பலர். தம் சேமலாப நிதியக் கணக்கிலக்கத்தை அறிந்தவர் எத்தனை பேர்? முதலாளி தம் 12 வீதத்தை ஒழுங்காகச் செலுத்துகின்றாரா என்று பார்த்தவர் எத்தனை பேர்? மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி, எம் வாசிகசாலையிலே கணக்குக் கூற்றுகளை ஒருங்கிருந்து வாசிப்போமாக. செலுத்தப்படாத பணம் இருப்பின் தொழிற் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுத உதவுவோமாக. பல்கலைக்கழகத்திற் பயிலும் நாம் அப்பணியை ஏற்கச் சித்தமாய் இருக்கின்றோம். வரும் மாதக் கூட்டத்துக்கு வருவோர், தம் கணக்குக் கூற்றைக் கையோடு கொண்டு வருவார்களாக.