மூட்டுத் தேய்வும் ஊசி மருந்தும்
(ஊராட்சி மன்ற உறுப்பினர்களிடையே மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பூவிருந்தவல்லி, ஆவடிச் சுற்றுப்புறங்களில் நாற்று நட்டும் களை பறித்தும் முதுமை எய்திய தாய்மார்களும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நாள் முழுதும் நின்றே உழைத்தவர்களும் ஒரே குறையைக் கூறுகின்றனர். அது முழங்கால் வலி. “ஓர் ஊசி போட்டால் தீர்ந்துவிடுமா?” என்பதே அவர்கள் கேள்வி.

எலும்பு முனைகள் உராயாதபடி குருத்தெலும்பு அவற்றை மூடியிருக்கிறது. வயது, உடற்பருமன், பழைய காயம், ஓயாது குந்தியும் சுமந்தும் செய்யும் வேலை ஆகியவற்றால் அது தேய்கிறது. தேய்ந்ததை மீண்டும் வளர்க்கும் என்று மெய்ப்பிக்கப்பட்ட ஊசி இன்றுவரை இல்லை. இதனை முதலில் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

மூட்டினுள் செலுத்தும் மருந்துகளுள் பழமையானது ஸ்டீராய்டு. 1951-இல் அமெரிக்க மருத்துவர் ஹாலண்டர் இம்முறையை உலகிற்கு அறிவித்தார். இது வீக்கத்தையும் வலியையும் சில வாரங்களுக்குத் தணிக்கும். ஆயின், அடிக்கடி போட்டுக்கொள்வது நன்றன்று. 2017-இல் வெளியான ஆய்வில், 140 பேருள் ஒரு பிரிவினர்க்கு மூன்று மாதத்திற்கொருமுறை ஈராண்டுகள் ஸ்டீராய்டும், மற்றவர்க்கு உப்புநீரும் செலுத்தினர். வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு பெற்றோர்க்கோ குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. நீரிழிவு உடையோர்க்கு ஊசிக்குப்பின் சில நாட்கள் சர்க்கரை உயரும். ஆதலின் அந்நோயை மருத்துவரிடம் மறைத்தல் கூடாது.

ஹையலூரானிக் அமிலம் என்பது மூட்டு நீரில் இயல்பாகவே உள்ள வழவழப்புப் பொருள். பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கியபோது அதன் ஊசியால் விளையும் நன்மை மிகச் சிறிதே என 2022-இல் தெரிந்தது. நோயாளியின் இரத்தத்திலிருந்தே பிரித்துச் செலுத்தும் தட்டணு ஊசியும், 288 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், உப்புநீரினும் மேம்படவில்லை. ஆகவே, நகையை அடகு வைத்து இவற்றைத் தேடுதல் வேண்டா.

பின் செய்யத்தக்கது யாது? தொடைத் தசையை வலுப்படுத்துங்கள். நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறையாக நாள்தோறும் செய்யுங்கள். 2020-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டு ஊசியைவிட உடற்பயிற்சிச் சிகிச்சையே மிகுந்த பயன் தந்தது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ குறையும்.

மூட்டு சிவந்து, சூடேறி, காய்ச்சலும் கண்டால் அது வேறு நோய். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேய்வு முற்றியவர்க்கு மூட்டு மாற்று அறுவை உண்டு. அதற்கு முந்திய மூன்று மாதங்களில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சீழ் பிடிக்கும் அபாயம் கூடும்.

உறுப்பினர்களே! 5-8-2021 அன்று தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இல்லம் தேடிச் செய்யும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கியிருந்தது. உங்கள் ஊரில் நடக்க இயலாதோர் எத்தனை பேர் எனக் கணக்கெடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்திடம் பட்டியல் கொடுங்கள். கிராம சபையில் இச்செய்தியை எடுத்துரையுங்கள். உழைத்துத் தேய்ந்த கால்களுக்கு ஊர் செய்யும் கைம்மாறு அதுவே.