விடுவிக்கப்பட்ட பின்வரிசை ஆட்டக்காரர்

ஓர் அணியினால் அண்மையில் விடுவிக்கப்பட்ட பின்வரிசைக் கால்பந்து ஆட்டக்காரரை, மற்றோர் அணி சேர்த்துக்கொள்ளலாமா, கூடாதா? இதுவே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். ஊர்விட்டு ஊர் வந்து உத்தியோகம் பார்க்கும் நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இது நம் வீட்டு வாசலுக்கே வந்த வழக்கு.

புதுதில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அடுத்து லக்ஷ்மிபாய் நகர் என்னும் அரசு ஊழியர் குடியிருப்பு இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்கே உள்ளது. ஆகவே தமிழ்க் குரல் இங்கே புதிதன்று. நம் குடியிருப்பு இளைஞர்கள் ஒரு கால்பந்து அணி வைத்திருக்கிறார்கள். தமிழர், மலையாளி, கடுவாலி, பஞ்சாபி என்று எல்லாரும் கலந்த அணி அது. சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் காலை அவர்களில் நால்வர் நம்மிடம் வந்தார்கள். "மாமா, எங்களுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது. நீங்கள்தான் ஒரு வழி சொல்லவேண்டும்" என்றார்கள்.

சங்கதி இதுதான். நகரத்து லீக்கில் ஆடும் ஒரு சங்கம், முழங்காலில் அடிபட்டு ஒரு பருவம் முழுதும் ஆடாதிருந்த பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவரை விடுவித்துவிட்டது. அவருக்கு வயது இருபத்தெட்டு. பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிறார்; நம் இளைஞர்களோடு ஆட விரும்புகிறார். ஆனால் அவர் ஆடும் இடத்தில் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆடி வருகிறான். நன்றாகவே ஆடுகிறான். அந்தப் பையனின் தகப்பனார், "வேறொருவர் வேண்டாமென்று கழித்ததை நாம் ஏன் எடுக்கவேண்டும்?" என்று கேட்டாராம்.

இந்தக் கேள்வியைச் சற்றே நின்று ஆராயவேண்டும். மத்திய அரசில் வேலை பார்க்கும் நமக்கு விடுவிப்பு ஆணை என்றால் என்னவென்று தெரியும். ஓர் அலுவலகம் ஒருவரை விடுவிக்கிறதென்றால், அவர் குற்றம் செய்தார் என்று பொருளன்று. பதவி முடிந்திருக்கலாம், இடம் குறைந்திருக்கலாம், அவரே மாற்றல் கேட்டிருக்கலாம். ஆட்டக்காரர் விஷயமும் அப்படியே. ஒப்பந்தம் முடிவதும் உண்டு, சம்பளம் கட்டாமற்போவதும் உண்டு, காயமும் உண்டு, ஒழுங்கீனமும் உண்டு. இவற்றுள் எது என்று அறியாமல் கழித்த பொருள் என்று பெயர் வைப்பது நியாயமாகாது.

நம் நாட்டிலேயே இதற்கு நல்லதோர் உதாரணம் இருக்கிறது. சண்டிகரில் பிறந்த சந்தேஷ் ஜிங்கன், 2014-ஆம் ஆண்டு முதல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் பின்வரிசையில் ஆடியவர். வட நாட்டிலிருந்து வந்த அவரைக் கொச்சி மக்கள் தங்கள் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார்கள். அணித்தலைமையும் அவருக்கு வந்தது. 2019 அக்டோபரில், இந்திய அணிக்காக ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஆடும்போது, முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்தது. 2019–20 லீக் பருவம் முழுவதையும் அவர் இழந்தார். 2020 மே மாதத்தில் அணியும் அவரும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்தார்கள். பிரியும்போது, அவர் அணிந்த 21-ஆம் எண் சட்டையை இனி எவருக்கும் அளிப்பதில்லை என்று அந்த அணி அறிவித்தது. விடுவிப்பு என்பது அவமதிப்பு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்போது மற்ற அணிகளின் முன் நின்ற கேள்வியும் நம் இளைஞர்கள் முன் நின்ற கேள்வியும் ஒன்றே. ஓராண்டாகப் பந்தயத்தில் இறங்காத காலை நம்பலாமா? கல்கத்தாவின் ஏ.டி.கே. மோகன் பகான் நம்பியது. 2020 செப்டம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. நோய்த்தொற்றின் காரணமாக அந்த லீக் முழுவதும் கோவாவிலேயே, ரசிகர் இல்லாத அரங்குகளில் நடந்தது. ஸ்பெயின் நாட்டவரான டிரியும் ஜிங்கனும் பின்வரிசையின் நடுவில் நின்றார்கள். 20 லீக் ஆட்டங்களில் அந்த அணி வாங்கிய கோல்கள் 15 மட்டுமே. அந்தப் பருவத்தில் அதைவிடக் குறைவாக வாங்கிய அணி வேறில்லை. இறுதி ஆட்டத்தில் மும்பையிடம் 2–1 என்று தோற்றது என்பது உண்மை. ஆயினும், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2020–21-ஆம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராக ஜிங்கனையே தேர்ந்தெடுத்தது.

இதோடு நிறுத்தினால் நம் வழக்கு எளிதில் தீர்ந்துவிடும். ஆனால் மறுபக்கமும் உண்டு. அதே ஜிங்கன் 2021 ஆகஸ்டில் குரோஷிய நாட்டின் ஷிபெனிக் அணிக்குச் சென்றார். அங்கே காயம் மீண்டும் குறுக்கிட்டது. ஒரு பந்தயத்தில்கூட ஆடாமல் 2022 ஜனவரியில் கல்கத்தாவுக்கே திரும்பினார். ஆள் ஒருவரே; ஒரு முறை பலன், மறு முறை ஏமாற்றம். ஆகவே பெயரைப் பார்த்தும் முடிவு செய்யலாகாது. பழைய காயத்தைப் பார்த்தும் முடிவு செய்யலாகாது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே கூறுகிறது. ஐரோப்பாவில் 1995 டிசம்பரில் போஸ்மன் என்ற பெல்ஜிய ஆட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, ஒப்பந்தம் முடிந்தவரைச் சேர்ப்பதற்குப் பழைய அணிக்கு விலை கொடுக்கவேண்டியதில்லை என்றாயிற்று. 2020-இல் பாரிஸ் அணியை விட்டு வந்த பிரேசில் நாட்டுத் தியாகோ சில்வாவுக்கு வயது முப்பத்தைந்து. லண்டனின் செல்சி அணி அவருக்கு முதலில் ஓராண்டு ஒப்பந்தமே கொடுத்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அந்த அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ஓராண்டுக்கென்று வந்தவர் நான்கு பருவங்கள் இருந்தார். 2021-இல் மாட்ரிட் நகரத்தின் ரியல் அணியை விட்டுப் பாரிஸுக்கு வந்த செர்ஜியோ ராமோஸுக்கும் அதே வயதுதான். அவருக்குக் கிடைத்தது இரண்டாண்டு ஒப்பந்தம். ஜூலையில் சேர்ந்தவர் காயத்தினால் நவம்பர் இறுதியில்தான் முதன்முறையாகக் களமிறங்கினார். மறு பருவத்தில் ஒழுங்காக ஆடினார் என்பதையும் சொல்லவேண்டும். குறுகிய ஒப்பந்தம் கொடுத்த அணி நிம்மதியாக இருந்தது. நீண்ட ஒப்பந்தம் கொடுத்த அணி பொறுமையாக இருக்கவேண்டியதாயிற்று.

பின்வரிசைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. முன்வரிசையில் ஓட்டம் குறைந்தால் பயன் குறையும். பின்வரிசையிலோ, எதிரி எங்கே வருவான் என்று முன்கூட்டி அறிந்து நிற்கும் அறிவு, ஓட்டத்தின் குறையை ஓரளவு ஈடு செய்யும். அந்த அறிவு வயதோடு வருவது. மலப்புறத்துக்காரரான அனஸ் எடத்தொடிகாவைத் தில்லி நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2015-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் நம் குடியிருப்புக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு அரங்கில் தில்லி டைனமோஸ் அணிக்கு ஆடியவர். அவர் இந்தியாவுக்காக முதன்முறையாக ஆடியது 2017-இல், தம் முப்பதாவது வயதில். அந்தத் தில்லி அணியும் 2019-இல் புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா அணியாயிற்று. மாற்றல் என்பது நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

பழைய தலைமுறையினர் நினைவுகூரும் சம்பவம் ஒன்றும் உண்டு. டூரண்ட் கோப்பை தில்லியில் நடந்துவந்த நாட்களில், 1955-இலும் 1958-இலும் அதை வென்றது வெலிங்டனிலிருந்து வந்த மதறாஸ் ரெஜிமெண்ட் அணி. அதில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டத்திலும் அவரே கோல் காத்தார். அந்தப் போட்டியில் பின்வரிசை வீரர் ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். பயிற்சியாளர் ரஹீம் அவரை ஒதுக்கவுமில்லை. பழைய இடத்திலேயே நிறுத்திச் சோதிக்கவுமில்லை. முன்வரிசைக்கு அனுப்பினார். தென்கொரியாவை 2–1 என்று வென்ற அந்த ஆட்டத்தில் ஒரு கோல் ஜர்னைலுடையது. அடிபட்டவரை என்ன செய்வது என்பது அவரைப் பொறுத்தது மட்டுமன்று. வைத்துக்கொள்பவரின் அறிவையும் பொறுத்தது.

இனி நம் வழக்குக்கு வருவோம். சேர்க்கும் முன் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும் என்று இளைஞர்களிடம் கூறினோம். அவரை ஏன் விடுவித்தார்கள்? முழங்காலைப் பற்றி மருத்துவர் என்ன சொல்கிறார்? நம் பின்வரிசையில் உண்மையாகவே குறை உண்டா? அவர் வந்தால் யார் இடம் இழப்பார்?

முதல் மூன்றுக்கும் விடை கிடைத்தது. சங்கத்தில் பணமில்லை, ஆடாதவரைக் காத்திருந்து வைத்துக்கொள்ள அவர்களால் இயலவில்லை. மருத்துவர், படிப்படியாக ஆடலாம் என்றார். நம் அணி கடைசிக் கால் மணி நேரத்தில்தான் கோல் வாங்குகிறது. பின்வரிசையில் அப்போது ஒருவரையொருவர் கூப்பிட்டு நிறுத்த ஆளில்லை. நான்காம் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவன் அந்தப் பையன்தான். அவனை ஒருவரும் கேட்கவில்லை. நாம் கேட்டோம்.

"அவர் பக்கத்தில் நின்று ஆடினால் நிறையக் கற்றுக்கொள்வேன், மாமா. ஆனால் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவரை ஆடவைத்தால், நான் படிக்கப் போய்விடுவேன்" என்றான்.

அவன் சொல்லில் பொறாமை இல்லை, நியாயம் இருந்தது. ஆகவே நம் அபிப்பிராயத்தை இவ்வாறு கூறினோம்: அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்தப் பருவத்துக்கு மட்டும். முதல் நான்கு வாரம் பயிற்சி மட்டுமே. அதன்பின் கடைசிக் கால் மணி நேரத்துக்கு இறங்கட்டும். அப்போது பையனை வெளியேற்றாமல், இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் ஆடுவதோடு கற்பிக்கவும் கடமைப்பட்டவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழங்கால் இடங்கொடாவிட்டால் மரியாதையோடு விடைகொடுங்கள். இவற்றுள் ஒன்றை ஏற்க அவருக்கு மனமில்லை என்றால், எத்தனை பெரிய ஆட்டக்காரரானாலும் வேண்டாம்.

பையனின் தகப்பனார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நானும் மூன்று அலுவலகங்களிலிருந்து விடுவிக்கப்பட்டு வந்தவன்தானே" என்றார். அந்த ஞாயிறு காலை, பயிற்சிக்குத் தம் மகனையும் புதியவரையும் ஒரே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தவரும் அவரே.

நேயர்களே, பிறர் விடுவித்தவரை ஏற்பது தயவும் அன்று, சூதாட்டமும் அன்று. காரணம் அறிந்து, காலவரை வைத்து, இருப்பவரின் இடத்தைப் பறிக்காமல் ஏற்றால் அது நல்ல நிர்வாகம். நீங்கள் பம்பாயில் இருந்தாலும் கல்கத்தாவில் இருந்தாலும், உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். அவரிடம் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.